பின்வாங்கினாரா, பின்னடைந்தாரா, பின்தங்கினாரா?

மூன்று சொல்லும் 'பின்' என்றே தொடங்குவதால், ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டு எழுதிவிடுகிறோம். முடிவெடுத்தது யார் என்று கேட்டுப் பார்த்தால் மூன்றும் தனித்தனியே பிரிந்துவிடும்.

பின்வாங்குகிறவர் தானே முடிவெடுக்கிறார். 'கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கினார்' என்றால் பொறுப்பு அவருடையது. இங்கே வரும் 'வாங்கு' காசு கொடுத்து வாங்குவது அல்ல. இழுத்தல், வளைத்தல் என்ற பழைய பொருள் அதற்கு உண்டு. வில்லை வாங்குவது என்றால் நாணை இழுத்து வளைப்பது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வருமுன் பல கரைகளில் கடல் உள்வாங்கியது என்கிறோமே, அதுவும் இந்த 'வாங்கு'தான்.

ஒரு பிழை அடிக்கடி கண்ணில் படுகிறது: 'அரசு படைகளைப் பின்வாங்கியது.' அரசு படைகளைத் திரும்பப் பெறும், படைதான் பின்வாங்கும். பின்வாங்குதல் 'ஐ' உருபோடு ஒட்டாது, 'இலிருந்து' என்பதோடுதான் சேரும்.

போர்க்களத்தில் இதற்குப் பக்கத்திலேயே நிற்கும் சொல் புறமுதுகிடுதல். இது வசை. 1940இல், இரண்டாம் உலகப் போரின்போது, பிரான்சின் டன்கிர்க் கரையிலிருந்து 3,38,000க்கும் மேற்பட்ட வீரர்கள் கப்பலேறித் தப்பியது பின்வாங்கல். அதைப் புறமுதுகு என்று எழுதினால் அநியாயம். முதுகில் பட்ட புண்ணுக்கே நாணி வடக்கிருந்த, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்த, சேர மன்னன் சேரமான் பெருஞ்சேரலாதனைப் புறநானூறு பாடுகிறது. ஓடாதவனுக்கே அத்தனை நாணம் என்றால், அந்தச் சொல்லின் கனத்தை யோசித்துப் பாருங்கள்.

சரி, பின்னடைவு? அது நேர்வது. நோயாளியின் உடல்நிலையில் பின்னடைவு, பேச்சுவார்த்தையில் பின்னடைவு. யாரும் அதை விரும்பித் தேடுவதில்லை. அதனால்தான் பொறுப்பைத் தட்டிக்கழிக்க வசதியான சொல்லாகவும் ஆகிவிட்டது. ஒரு திட்டத்தைத் தாங்களே கைவிட்டுவிட்டு, 'திட்டத்தில் பின்னடைவு' என்று அறிக்கை விடுவது வாசகரை ஏமாற்றுவது. அங்கே 'பின்வாங்கினோம்' என்பதுதான் நேர்மையான சொல். வாக்கு எண்ணிக்கை நாளில் மட்டும் இதற்குத் தனிப் பொருள்: 'பின்னடைவு' என்றால் அந்தச் சுற்று வரை வாக்கு குறைவு, அவ்வளவுதான். அடுத்த சுற்றிலேயே அவர் முன்னிலைக்கு வந்துவிடலாம்.

பின்தங்குவதற்குப் பின்னால் நகரவே வேண்டாம். மற்றவர்கள் வேகமாகப் போனால் போதும், நின்ற இடத்திலேயே பின்தங்கிவிடலாம். மக்களைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லில் கூடுதல் கவனம் வேண்டும். 'பின்தங்கிய வகுப்பினர்' என்றால் அவர்களே தங்கிவிட்டதுபோல் ஒலிக்கிறது. 'பிற்படுத்தப்பட்டோர்' என்றால் யாரோ அவர்களைப் பின்னே தள்ளினார்கள் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழ்நாட்டு அரசின் வழக்கும் அதுதான். நான் எழுதினாலும் அதைத்தான் எழுதுவேன்.

அப்புறம், பேச்சில் புழங்கும் 'ஜகா வாங்கினான்'. ஒப்புக்கொண்டுவிட்டுக் கடைசி நேரத்தில் நழுவுகிறவனுக்கு அது அச்சாகப் பொருந்தும். கட்டுரையில் எழுதும்போது அதையே 'பின்வாங்கினான்' என்று மாற்றிக்கொள்ளலாம். 'பின்னடைந்தான்' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.