எம்மா, எமிலி, அமெலியா: மூன்றும் ஒரே பெயரா?

எமிலியைச் செல்லமாகக் கூப்பிட்டால் எம்மா, கொஞ்சம் நீட்டினால் அமெலியா என்றுதான் பலர் நினைக்கிறார்கள். குழந்தைப் பெயர்ப் பட்டியல்கள் சிலவும் அப்படியே எழுதிவிடுகின்றன. காதுக்கு மூன்றும் அக்கா தங்கை போலத்தான் கேட்கும். ஆனால் மூன்றும் பிறந்த இடம் வேறு.

எம்மா ஜெர்மானியப் பெயர். 'எர்மென்' என்று தொடங்கிய நீளமான பழம்பெயர்களின் சுருக்கம். 'முழுமை' என்று பொருள். இர்மா என்ற பெயருக்கும் இதுதான் வேர். இங்கிலாந்தில் இந்தப் பெயருக்கு மதிப்பு தேடித் தந்தவர் நார்மண்டியின் எம்மா. 1002இல் எதெல்ரெட் மன்னரை மணந்து அவர் வந்தபோது, அங்கே அவருக்கு ஆல்ஃப்கிஃபு என்று ஆங்கிலப் பெயர் சூட்டினார்கள். அரசுப் பட்டயங்களில் அந்தப் பெயரில்தான் இருக்கிறார். 1017இல் கனூட் மன்னரை மறுமணம் செய்தார். இரண்டு மணங்களிலும் பிறந்த மகன்கள் அரசரானார்கள். சூட்டிய பெயர் இன்று வழக்கில் இல்லை. பிறந்த வீட்டுப் பெயர் ஆயிரம் ஆண்டுகள் தாண்டி நிற்கிறது. எனக்கு இந்தப் பெயர் மேல் தனி மரியாதை வந்தது இதனால்தான்.

எமிலி ரோமிலிருந்து வந்தது. எமிலியஸ் என்ற பெருங்குடிப் பெயரின் பெண்பால். அந்தக் குடியைச் சேர்ந்த லெபிடஸ் கி.மு. 187இல் போட்ட சாலையின் பெயர்தான் இன்று இத்தாலியின் எமிலியா-ரொமான்யா மாநிலத்தில் இருக்கிறது. வம்சாவளி இவ்வளவு தெளிவு, பொருள்தான் பலவீனம். 'போட்டியிடுபவர்' என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். பொருளுக்காகவே பெயர் தேடுபவருக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அமெலியாவின் வேர் 'அமல்' என்ற ஜெர்மானியச் சொல்: வேலை, ஊக்கம். பிறகு லத்தீன் எமிலியாவின் சாயலும் கலந்தது. குழப்பம் அரண்மனைக்குள்ளேயே இருந்தது: 1711இல் ஹனோவரில் பிறந்த, இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மகள் அமெலியாவை வீட்டில் எமிலி என்றுதான் கூப்பிட்டார்கள்! மூன்றில் பொருள் எனக்கு மிகவும் பிடித்தது அமெலியாவுக்குத்தான்.

ஏமியையும் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பார்கள். அது பழைய பிரெஞ்சு. 'அன்புக்குரியவள்' என்று பொருள். நெல்லைப் பக்கம் டோனாவூரில் குழந்தைகளுக்காக வாழ்ந்து 1951இல் மறைந்த ஏமி கார்மைக்கேலுக்குப் பொருந்திய பெயர்.

அடிக்கடி காதில் விழாத பெயர் வேண்டும் என்றால் மூன்றுமே உதவாது. அமெரிக்காவில் எமிலி 1996 முதல் 2007 வரை முதலிடம், எம்மா 2014 முதல் 2018 வரை. இங்கிலாந்து, வேல்ஸில் அமெலியா 2011 முதல் சில ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது.

அக்காவுக்கு எம்மா, தங்கைக்கு எமிலி வைக்கலாமா என்று தயங்குபவர்கள் தாராளமாக வைக்கலாம். பார்க்க வேண்டியது எம்மலின் என்ற பெயரைத்தான். பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய எம்மலின் பேங்க்ஹர்ஸ்டின் பெயர் எம்மாவின் நீட்சி போலத் தெரியும், வேர் 'அமல்'. வீட்டில் ஓர் அமெலியா இருக்கும்போது அடுத்தவளுக்கு எம்மலின் என்று வைத்தால், ஒரே வேரை இரண்டு தரம் வைத்ததாகிவிடும்.