இவான் தி டெரிபிள்: ஜன்னலை அடைத்துவிட்டுப் போடுங்கள்

பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டார வாசகசாலைகளில் திரையிட ஒரு பழைய ரஷ்ய அரசர் படம் வேண்டுமென்றால், செர்கெய் ஐசன்ஸ்டைனின் 'இவான் தி டெரிபிள்' படத்தையே எடுக்கலாம். ஆனால் முதல் பாகத்தோடு நிறுத்திவிடக் கூடாது. அதற்கு 1946இல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் தடை செய்யப்பட்ட இரண்டாம் பாகம் 1958இல்தான் வெளிவந்தது. இயக்குநர் 1948இலேயே இறந்துவிட்டார். மூன்றாம் பாகம் முடியவே இல்லை. பரிசு வாங்கியதைவிடத் தடை வாங்கியதுதான் பெரிய படம்.

ரஷ்யப் பெயர்கள் குழப்பும். தொடங்குமுன் நான்கு பேரைச் சொல்லிவைத்தால் போதும்: இவான் (நிக்கலாய் செர்காசவ்), மனைவி அனஸ்தாசியா, சித்தி (அப்பாவின் தம்பி மனைவி) எஃப்ரோசினியா, சித்தி மகன் விளாதிமிர். தன் மகனை அரியணையில் ஏற்றத் துடிக்கும் சித்தி என்று புரிந்துவிட்டால், மற்ற பிரபுக்களின் பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. நஞ்சுக் கிண்ணத்தைச் சித்தி வைக்கிறாள். அதை மனைவியிடம் நீட்டுவது இவானின் கை. முதல் பாகத்தில் இதற்கு மேல் ஒரு காட்சி இல்லை. கசான் நகர முற்றுகை ஆர்ப்பாட்டமாக இருந்தாலும் விறைப்பாகவே நகர்கிறது. சுரங்கத்தில் வெடிமருந்துப் பீப்பாய்மேல் மெழுகுவர்த்தி உருகும் இடம் மட்டும் விதிவிலக்கு.

நடிப்புதான் பலரையும் விரட்டும். கழுத்தை நீட்டுவார்கள், கண்ணை உருட்டுவார்கள், நின்ற நிலையிலேயே உறைவார்கள். இயல்பான நடிப்பை எதிர்பார்த்து உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் எழுந்துவிடுவீர்கள். கூத்துமாடத்தில் கம்பர் பாட்டுக்குத் தோல்பாவை ஆடுவதைப் பார்த்த கண்ணோடு பாருங்கள், பிடிபட்டுவிடும். இங்கும் ஆளைவிட நிழல்தான் பேசுகிறது: சுவரில் பூதாகாரமாக எழும் இவானின் தலை, பக்கத்தில் வளையங்களால் ஆன வானியல் கோளக் கருவியின் நிழல்.

அதனால்தான் இருட்டு முக்கியம். அரண்மனைக்குள் நடக்கும் காட்சிகளை அந்திரேய் மஸ்க்வின் மிகக் குறைந்த ஒளியில் எடுத்திருக்கிறார். ஜன்னலில் துணி கட்டாத கூடத்தில் பகலில் புரொஜெக்டர் போட்டால் கருப்பெல்லாம் சாம்பலாகி, நிழல்கள் காணாமல் போகும். தெளிவுக்காகப் பிரைட்னஸைக் கூட்டினாலும் இதே கதிதான். படம் ஏறக்குறைய சதுரம், அதாவது 4:3 அளவு. அகலத் திரையை நிரப்ப இழுத்தால் செர்காசவின் ஒடுங்கிய முகம் பூசணியாகிவிடும். இரு பக்கமும் கருப்புப் பட்டை இருக்கட்டும். டிவியில் பார்ப்பவர்கள், அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் அமைப்பை அணைத்துவிடுங்கள்.

இரண்டாம் பாகத்தின் பின்பகுதியில் கருப்பு வெள்ளை திடீரென்று செந்நிறமாக மாறும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். ஜெர்மானியரிடமிருந்து கிடைத்த அக்ஃபா வண்ணச் சுருளில் எடுத்த விருந்துக் காட்சி அது. புரோக்கோஃபியெவின் இசைக்கு இவானின் காவல்படை அடியாட்கள் ஆடும்போது, விளாதிமிருக்கு விளையாட்டாக அரச உடை போட்டுவிடுகிறார்கள். அடுத்து தேவாலயத்தில் படம் மறுபடி கருப்பு வெள்ளையாகிறது. இவானுக்கென்று ஓங்கிய கத்தி விளாதிமிர்மேல் இறங்குகிறது. இவானைத் தயங்குபவனாகவும் அவன் காவல்படையைக் கொலைக் கும்பலாகவும் காட்டியது சோவியத் மேலிடத்துக்குப் பொறுக்காமல் போனதில் ஆச்சரியமில்லை.

வரலாற்றுப் பாடமாக இதை மாணவர்களுக்குப் போடுபவர்கள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முடிசூட்டு 1547, கசான் 1552 என்பவை சரி. விளாதிமிர் செத்தது கத்திக்குத்தால் அல்ல. 1569இல் இவான் அவனை நஞ்சு குடிக்க வைத்தான் என்பதே வரலாறு.

இரண்டு பாகமும் சேர்ந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். நடுவே கால்மணி டீ இடைவேளை விட்டு ஒரே மாலையில் முடிப்பது நல்லது. நேரம் போதாவிட்டால் முதல் பாகத்தில் முடிசூட்டு, நஞ்சுக் கிண்ணம், பனியில் மக்கள் வரிசையாக வரும் கடைசிக் காட்சி ஆகிய மூன்றை மட்டும் காட்டிவிட்டு, இரண்டாவதை முழுதாகப் போடுங்கள்.