பைக் இன்சூரன்ஸ்: இரண்டாவது வருஷம் தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா, ஓ.டி.யும் போடணுமா?

புது பைக் எடுக்கும்போது ஷோரூமில் கொடுக்கிற பாலிசியை ஒருமுறை விரித்துப் பாருங்கள். அதில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டிக்கு ஐந்து வருஷம், வண்டியின் சொந்தச் சேதத்துக்கும் திருட்டுக்குமான ஓ.டி.க்கு (ஓன் டேமேஜ்) ஒரே வருஷம். 2018 செப்டம்பர் 1 முதல் புது டூவீலருக்கு ஐந்து வருஷ தேர்ட் பார்ட்டி கட்டாயம். ஓ.டி.யை மட்டும் வருஷா வருஷம் நாமே புதுப்பிக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். "அதான் அஞ்சு வருஷத்துக்கு இருக்கே" என்று நினைத்துக்கொள்கிறார்கள். மதுரை காளவாசலில் போலீஸ் நிறுத்தினாலும் சிக்கல் வராது, சட்டம் கேட்பது தேர்ட் பார்ட்டியைத்தான். அதுவும் இல்லாவிட்டால்தான் முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம். ஆகவே ஓ.டி. போனதை யாரும் நமக்கு ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

இரண்டாவது வருஷத்திலிருந்து தேர்ட் பார்ட்டியோடு நின்றுவிடுவது ஒரு வழி. தனி ஓ.டி. பாலிசி எடுத்துச் சேர்த்துக்கொள்வது இன்னொரு வழி. அதற்கும் மேலே, பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தரும் 'பம்பர் டு பம்பர்' என்று ஒன்று உண்டு. தவணையில் வண்டி எடுத்த பையனுக்கோ பொண்ணுக்கோ நடுவில் சொன்னதுதான் சரி என்பது என் முடிவு. என் வண்டிக்கும் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

சின்ன வயசுக்காரருக்கு இன்சூரன்ஸ் கூடும் என்கிற கதையை முதலில் முடித்துவிடலாம். நம் ஊரில் தேர்ட் பார்ட்டி கட்டணம் ஓட்டுபவரின் வயதைப் பார்ப்பதில்லை, இன்ஜின் சிசியைத்தான் பார்க்கிறது. 19 வயதுக்காரருக்கும் அவர் அப்பாவுக்கும் ஒரே தொகை, எந்த கம்பெனியில் எடுத்தாலும் அதே தொகை. 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி 75-க்கு மேல் 150 சிசி வரை வருஷத்துக்கு 714 ரூபாய், 150-க்கு மேல் 350 வரை 1,366, அதற்கும் மேலே 2,804. புது வண்டிக்கு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து 3,851, 7,365, 15,117 என்று வரும். எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.

இதனால் செலவைக் குறைக்கிற முதல் இடம் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் நேரம்தான். பல்சர் 150-இன் இன்ஜின் 149.5 சிசி, 3,851 ரூபாய் வரிசை. அப்பாச்சி ஆர்.டி.ஆர். 160-யும் 155 சிசி யமஹா ஆர்15-உம் 7,365 வரிசை. ஐந்து, பத்து சிசி வித்தியாசத்துக்கு ஜி.எஸ்.டி.யோடு 4,100 ரூபாய்க்கு மேல் கூடுதல். மேலே போனாலும் இதே கதைதான். கிளாசிக் 350 உண்மையில் 349 சிசி என்பதால் நடு வரிசையில் தப்பிக்கிறது, டியூக் 390 மேல் வரிசைக்குப் போய்விடுகிறது. பேரம் பேசி ஷோரூமில் குறைக்கிற 500, 1,000 ரூபாயைவிட இது பெரிய தொகை. கொட்டேஷன் வாங்கும்போது சிசியையும் இந்த தேர்ட் பார்ட்டித் தொகையையும் சேர்த்துப் பாருங்கள்.

தவணை பாக்கி இருக்கும்போது வண்டி திருடு போனால்

முடிவைத் தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம்தான், அதனால் கணக்காகவே போடலாம்.

ஷோரூம் விலை 95,000 ரூபாய் உள்ள 125 சிசி வண்டி. முன்பணம் போக 85,000 கடன், 36 மாதம், குறையும் பாக்கிக்கு 14 சதவீத வட்டி. மாதத் தவணை சுமார் 2,905 ரூபாய். பதினெட்டாவது மாதம் வண்டி காணாமல் போகிறது. மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் வீட்டுக்குள் வண்டி நிறுத்த இடமிருக்காது, ராத்திரி முழுக்க வாசலில்தான் நிற்கும். மாட்டுத்தாவணியில் டோக்கன் போடாமல் ஓரமாக விட்டுவிட்டு பஸ் ஏறுகிறவர்களும் உண்டு.

தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு பைசா கிடைக்காது. அது நம் வண்டியால் அடுத்தவருக்கு வந்த பாதிப்புக்கான காப்பீடு. ஆனால் தவணை நிற்காது. மீதி 18 மாதத்துக்கு 52,290 ரூபாய், கையில் இல்லாத வண்டிக்குக் கட்ட வேண்டும்.

ஓ.டி. இருந்தால் கணக்கு வேறு. ஒரு வருஷம் தாண்டி இரண்டு வருஷத்துக்குள் இருக்கும் வண்டிக்கு விலையில் 20 சதவீதம் கழித்து ஐ.டி.வி. (வண்டிக்கு பாலிசியில் போடும் மதிப்பு) வைப்பார்கள், அதாவது 76,000. கட்டாயப் பிடித்தம் 100 ரூபாய். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருப்பதால் அசல் பாக்கி சுமார் 47,000 முதலில் அவர்களுக்குப் போகும். முன்கூட்டி முடிக்கும் கட்டணம் ஏதும் இருந்தால் அதையும் கழித்து, ஏறக்குறைய 28,000 ரூபாய் கைக்கு வரும். அடுத்த வண்டிக்கு அது முன்பணம்.

இதற்கு ஆகும் பிரீமியம் எவ்வளவு? பழைய கட்டண அட்டவணையில் சென்னை உட்பட எட்டுப் பெருநகரங்கள் ஒரு மண்டலம், மதுரை உள்ளிட்ட மற்ற ஊர்கள் அடுத்த மண்டலம். நம் மண்டலத்தில் 150 சிசி வரையிலான ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட வண்டிக்கு ஐ.டி.வி.யில் 1.676 சதவீதம். 76,000-க்கு 1,274 ரூபாய். முதல் வருஷம் க்ளெய்ம் எடுக்காததற்குத் தரும் கழிவான என்.சி.பி. 20 சதவீதம் போனால் 1,019, ஜி.எஸ்.டி.யோடு 1,202. இது கம்பெனித் தள்ளுபடி ஏதும் இல்லாத தொகை. தேர்ட் பார்ட்டி மாதிரி ஓ.டி.க்கு அரசுக் கட்டணம் கிடையாது, கம்பெனிகள் போட்டி போட்டுக் குறைக்கின்றன. பாதி தள்ளுபடி என்று வைத்தாலே சுமார் 600 ரூபாய்தான் வரும். மாதத்துக்கு 50 ரூபாய். இதை மிச்சம் பிடித்து 52,000 ரூபாய்ச் சுமையை ஏற்பதில் நியாயமே இல்லை.

புதுப்பிக்கும்போது ஐ.டி.வி.யைக் கவனியுங்கள். பிரீமியம் குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக 76,000-ஐ 60,000 ஆக்கிக் காட்டும் கொட்டேஷன்கள் வரும். மிச்சமாவது நூறு, இருநூறு ரூபாய். திருட்டில் குறைவது 16,000.

திருட்டு க்ளெய்ம் எங்கே சிக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டேஷனில் புகார் கொடுத்ததும் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதுதான் (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) கையில் தருவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி கேட்பது எஃப்.ஐ.ஆர். அதைப் பதிவு செய்யச் சொல்லி நின்று வாங்க வேண்டும். புகார் கொடுத்த அன்றைக்கே கம்பெனிக்கும் போன் அடித்து க்ளெய்ம் எண் வாங்கிவிடுங்கள், தாமதத்தைக் காரணம் காட்டியே இழுத்தடிப்பார்கள். பிறகு வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்றிதழ், ஆர்.சி., ஃபைனான்ஸ் கடிதம், இரண்டு ஒரிஜினல் சாவிகள். இந்தச் சாவிதான் பலருக்கு வினையாகிறது. ஒரு சாவி குறைந்தால் வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனீர்களா என்ற கேள்வி வரும், அலட்சியம் என்று எழுதிவிட்டால் பணம் கிடைப்பது கஷ்டம். சாவி தொலைந்தால் அன்றைக்கே புகார் கொடுத்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்து அடிபட்டால்

இதில் ஓ.டி.யின் பலன் நடுத்தரம்தான். வண்டி சறுக்கி 6,000 ரூபாய் பில் வருகிறது என்று வையுங்கள். ஹெட்லைட், வைசர், இண்டிகேட்டர், சைடு பேனல் எல்லாம் பிளாஸ்டிக், 3,200. ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட் இரும்பு, 1,800. கூலி 1,000. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்குப் பாதிதான் தருவார்கள். இரும்புக்கு இரண்டாவது வருஷத்தில் 10 சதவீதம் கழிப்பார்கள். ஆக 1,600 + 1,620 + 1,000, அதில் 100 போக 4,120 ரூபாய் கிடைக்கும்.

'என்.சி.பி. போயிடும், க்ளெய்ம் பண்ணாதே' என்று சொல்பவர்கள் காரின் கணக்கைச் சொல்கிறார்கள். 125 சிசி வண்டியில் ஓ.டி.யே அறுநூறு, எழுநூறு ரூபாய் என்றால் 25 சதவீத என்.சி.பி.யின் மதிப்பு 150 ரூபாய் பக்கம்தான். அதற்காக 4,000 ரூபாயை விட வேண்டியதில்லை. ஆயிரத்துக்குள் முடிகிற வேலைக்கு மட்டும் அலையாமல் மெக்கானிக்கிடம் போய்விடலாம்.

பம்பர் டு பம்பர் என்பது இந்தப் பிளாஸ்டிக் பாதியையும் கம்பெனியே கொடுப்பது. முன்னால் முழுக்க பிளாஸ்டிக் மூடி (ஃபேரிங்) வைத்த வண்டிக்கும், முதல் வருஷம் ஓட்டக் கற்றுக்கொள்கிறவருக்கும் அது பொருந்தும். சாதாரண கம்யூட்டர் வண்டிக்கு இரண்டாவது வருஷத்திலிருந்து அவசியமில்லை என்று நினைக்கிறேன். எலெக்ட்ரிக் வண்டியை இதோடு சேர்த்துப் பேச முடியாது. அதில் விலையின் பெரும்பகுதி பேட்டரி, பேட்டரிக்கு 50 சதவீதக் கழிவு என்பது பெரிய அடி. பாலிசியில் பேட்டரிக்கு என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

வெள்ளச் சேதமும் ஓ.டி.யில் அடக்கம். ஆனால் 2024 அக்டோபரில் செல்லூர்ப் பக்கம் தண்ணீர் நின்ற மாதிரி ஒரு நாளில், மூழ்கிய வண்டியை மறுநாள் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தால் சிலிண்டரில் புகுந்த தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடலாம். அதைப் பின்விளைவுச் சேதம் என்று சொல்லி சாதாரண ஓ.டி.யில் மறுப்பார்கள். ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டே போய் சர்வீஸில் விடுங்கள், தண்ணீர் மட்டத்தை போட்டோ எடுத்துக்கொண்டு.

அப்பா பெயரில் வண்டி

கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கடன் கிடைக்காது என்பதால் வண்டி பெரும்பாலும் அப்பா பெயரில்தான் இருக்கும். கட்டாயமாகச் சேர்க்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே, அதுவும் அவரிடம் லைசென்ஸ் இருந்தால்தான். தினமும் ஓட்டுவது மகன் என்றால் அவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அப்பாவுக்கு லைசென்ஸே இல்லையென்றால் அந்த 300, 400 ரூபாயைக் கட்டத் தேவையும் இல்லை, அதை நீக்கச் சொல்லுங்கள். மகனுக்குத் தனியாக வங்கியில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா போடலாம். 18 வயதிலிருந்து சேரலாம், வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம். 15 லட்சத்துக்கு ஈடாகாது, ஆனாலும் 20 ரூபாய்க்கு இதை விட்டுவிடக் கூடாது.

ஐந்து வருஷம் தாண்டிய வண்டி, செகண்ட் ஹேண்ட் வண்டி

இங்கே ஓ.டி.க்கு அவ்வளவு அழுத்தம் கொடுக்க மாட்டேன். ஐ.டி.வி. 25,000-க்கு இறங்கி, கடனும் முடிந்திருந்தால் திருட்டுக் கணக்கின் பலம் குறைந்துவிடுகிறது. தேர்ட் பார்ட்டி மட்டும் போடுவது நியாயமான முடிவுதான். ஆனால் பின்னால் ஆள் ஏற்றிக்கொண்டு உசிலம்பட்டிக்கும் மேலூருக்கும் போய்வருகிறவர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் நம் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் மூன்றாம் நபராகக் கருதப்படுவதில்லை. தேர்ட் பார்ட்டியும் ஓ.டி.யும் ஒன்றாக உள்ள பேக்கேஜ் பாலிசியில் பின்சீட்டுக்காரருக்கும் பொறுப்பு உண்டு என்று 2009-இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமே கம்பெனிகளுக்குத் தெளிவுபடுத்தியிருக்கிறது. அப்படி ஆள் ஏற்றிப் போகிறவர் பழைய வண்டிக்கும் பேக்கேஜ் எடுக்க இதுவே போதுமான காரணம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால் ஆர்.சி. மாற்றத்தோடு பாலிசியையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். ஆர்.சி. உங்கள் பெயரிலும் பாலிசி விற்றவர் பெயரிலும் இருந்தால் ஓ.டி. க்ளெய்ம் நிற்காது. விற்றவரின் என்.சி.பி. வண்டியோடு வராது, அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். ஓ.டி. காலாவதியாகி 90 நாளைத் தாண்டினால் உங்கள் சொந்த என்.சி.பி.யும் போய்விடும். தனி ஓ.டி. எடுக்க ஷோரூமுக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. ஐந்து வருஷ பாலிசியின் எண், கம்பெனி பெயர், முடிவுத் தேதி கையில் இருந்தால் வேறு எந்த கம்பெனியிலும் போடலாம். இரண்டு மூன்று இடத்தில் ஒரே ஐ.டி.வி.யைச் சொல்லிக் கேட்டால் தொகை எங்கே குறைவு என்று நேராகத் தெரிந்துவிடும்.