ஃபிராகோனார் அருங்காட்சியகம், ஆல்ஃபோர்: எலும்பு அலமாரிகளுக்காகப் போக வேண்டிய இடம்

பாரீஸ் மெட்ரோவின் 8ஆம் தடத்தில், மேசோன்-ஆல்ஃபோர் கால்நடை மருத்துவக் கல்லூரியின் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. அருங்காட்சியகம் அந்தக் கல்லூரிக்குள்ளேயே இருப்பதால், அங்கே இறங்கினால் அதிகம் நடக்க வேண்டியதில்லை. சேகரிப்பு 1766இல் தொடங்கியது. பெரும்பாலானோர் வருவது உடற்கூறியலாளர் ஒனோரே ஃபிராகோனார் தோலுரித்துப் பதப்படுத்திய குதிரையையும் அதன் மேல் அமர்ந்திருக்கும் மனிதனையும் பார்க்கத்தான். அதைப் பார்க்காமல் வரக் கூடாது. ஆனால் கால்நடை நோய்களில் அக்கறை உள்ளவர்கள் பாதி நேரத்தையாவது நோயுற்ற எலும்புகளுக்கு ஒதுக்க வேண்டும்.

குதிரையின் பின்னங்கால் கணுமூட்டிலிருந்து தொடங்குங்கள். மூட்டின் கீழ்ப்பகுதியில், உட்புறமாகப் புது எலும்பு படர்ந்து, சிறிய எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அது பிரெஞ்சில் 'எபார்வான்'. அசைவு குறைந்த மூட்டுகள் அவை. முழுவதும் ஒட்டிப்போன பின் வலி அடங்கி, சில குதிரைகள் வேலைக்குத் திரும்புவதும் உண்டு. அரைகுறையாக ஒட்டிய நிலைதான் கொடுமை. முன்னங்காலின் நீண்ட எலும்புக்கும் பக்கத்துச் சிற்றெலும்புக்கும் இடையே முடிச்சு இருந்தால் 'சுரோ'. இணைக்கும் தசைநார் எலும்பாக மாறியதன் அடையாளம். குளம்புக்குச் சற்று மேலே வளையம் கட்டினாற்போல் வளர்ந்திருந்தால் 'ஃபோர்ம்'. இந்த மூன்று பெயரும் தெரிந்தால் பல குறிப்பட்டைகள் புரிந்துவிடும்.

சீழ் பிடித்த எலும்பில் செத்த துண்டு உள்ளே கிடக்க, அதைச் சுற்றிப் புது எலும்பு கூடு கட்டும்; சீழ் வடிந்த துளையின் விளிம்பு மழுங்கியிருக்கும். விளிம்பு கூர்மையாக, உட்புறம் வேறு நிறத்தில் இருந்தால் அது இறந்த பின் உடைந்தது. மாட்டின் தாடை எலும்பு வீங்கித் தேன்கூடாகத் துளைத்திருந்தால் ஆக்டினோமைசிஸ் கிருமியை நினைக்கலாம்.

பழைய மாதிரிகளில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சதையை நீக்க அதிகம் கொதிக்கவைத்தாலோ காரக் கரைசலில் ஊறவிட்டாலோ மேற்பரப்பு அரித்துச் சுண்ணாம்பாக உதிரும். அதை நோய் என்று எண்ணிவிடக் கூடாது. தயாரிப்பில் வந்த அரிப்பு எலும்பு முழுவதும் பரவியிருக்கும், நோய் பெரும்பாலும் ஓரிடத்தில் குவியும். மஞ்சளும் பழுப்புமான கறை, கொழுப்பைச் சரியாக எடுக்காததால் வருவது. மெல்லிய புது எலும்போ கையாளும்போதே உதிர்ந்துபோகும்; ஆரம்பகட்ட நோய் இத்தகைய சேகரிப்புகளில் அரிதாகவே மிஞ்சுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் கால்நடைக் கல்லூரிகள் பிறக்க முக்கியக் காரணமான மாட்டு வெக்கை நோய், விலங்கைச் சில நாட்களிலேயே கொன்றுவிட்டது. எலும்பில் தடமே விட்டதில்லை. எலும்பில் பதிவது விலங்கு மாதக்கணக்கில் தாங்கி வாழ்ந்த நோய். அலமாரியில் குதிரையின் நொண்டல் மிகுந்து, கொள்ளைநோய் காணாமல் போவது அதனால்தான்.

கண்ணாடிக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றால் மேற்பரப்பின் மேடுபள்ளம் தெரியும். நல்ல எலும்பு எப்படியிருக்கும் என்பதை முழு எலும்புக்கூடுகளில் முதலில் பார்த்துக்கொண்டு பிறகு நோய்ப் பகுதிக்கு வருவது சிறந்தது. தினமும் திறப்பதில்லை, நாளையும் நேரத்தையும் உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள்.