43 கிராம் கிளைடர்: நம் ஊர்த் திடலுக்கு ஏற்ற விமானம்

ஈ-ஃபிளைட் யூஎம்எக்ஸ் ரேடியன் என்ற குட்டி ரிமோட் கிளைடரை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் பறக்கவிடுவதாக இருந்தால் முதல் விமானமாக இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

அதற்குப் பாதிக் காரணம் நம் ஊர் வானம். விமான நிலையம், விமானப் படைத் தளம் எதற்கும் 5 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. சாங்கி, சிலேத்தார், பாய லேபார், செம்பாவாங், தெங்கா என்று ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டுப் பாருங்கள், தீவில் மிச்சம் எவ்வளவு கிடைக்கிறது என்று தெரியும். அதனால் பறக்கத் தடையுள்ள இடங்களைக் காட்டும் ஒன்மேப் இணைய வரைபடத்தைப் பார்க்காமல் நாங்கள் யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. மிச்சமுள்ள இடத்திலும் 200 அடிக்கு மேல் ஏற்றக்கூடாது, அதுவும் தரையிலிருந்து இல்லை, கடல் மட்டத்திலிருந்து. சுமார் 60 மீட்டர்தான், 25 மாடி வீவக அடுக்குமாடி புளோக் அதைவிட உயரம். 250 கிராமுக்கு மேல் போனால் விமானத்தைப் பதிவு செய்ய வேண்டும், ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். ரேடியன் 43 கிராம். பதிவு வேலை இல்லை, ஆனால் 5 கிலோமீட்டரும் 200 அடியும் இதற்கும் உண்டு. எடை குறைவுதானே என்று அதை மறந்துவிட வேண்டாம்.

இப்போது விமானத்துக்கு வருகிறேன். இறக்கை நுனியிலிருந்து நுனி வரை 73 சென்டிமீட்டர், ஃபோம் உடல், மூக்கில் மடங்கும் புரொப்பெல்லர். மோட்டாரை நிறுத்தியதும் அது உடலோடு ஒட்டிக்கொள்ளும், காற்றை இழுக்காது. இறக்கையில் விமானத்தைச் சாய்க்கும் எய்லரான் கிடையாது, வாலில் உள்ள, பக்கவாட்டில் திருப்பும் ரடரும் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும்தான் எல்லாம். இறக்கை மேல்நோக்கி வளைந்திருப்பதால் ரடரைத் தொட்டாலே சாய்ந்து திரும்பும். உள்ளே இருக்கும் ஏஎஸ்3எக்ஸ் என்ற ஜைரோ கருவி காற்று தட்டும்போது ஆட்டத்தை அடக்கித் தருகிறது, அது இல்லாவிட்டால் இவ்வளவு லேசான விமானத்தைப் புளோக்குகளுக்கு நடுவில் சுழலும் காற்றில் பிடித்து வைப்பது கஷ்டம்.

இதன் உண்மையான சுகம் தெர்மலில்தான், அதாவது சூடாகி மேலெழும் காற்றில். பத்து, பதினோரு மணி வெயிலில் கார் நிறுத்துமிடமும் கூடைப்பந்துத் தளமும் சூடேறி, மேலே எழும் காற்று திடலின் ஓரத்துக்கு வந்து சேரும். பெரிய கிளைடருக்கு அந்தச் சின்னக் காற்றுத் தூணுக்குள் வட்டமடிக்க இடம் போதாது. இது மெதுவாக, இறுக்கமாக, அதற்குள்ளேயே சுற்றும். மோட்டாரை நிறுத்திய பிறகு வால் லேசாகத் தூக்கி, விமானம் தானாக ஏறத் தொடங்கும் அந்த நொடி எனக்கு இன்னும் சலிக்கவில்லை. 60 மீட்டரை நெருங்கும்போது மூக்கைத் தாழ்த்தி வெளியே கொண்டுவந்துவிட வேண்டும், மனசு கேட்காது, ஆனாலும் செய்தாக வேண்டும்.

தெர்மல் எங்கே என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர் திடலுக்கு வரும் ஓர் அங்கிள், பணி ஓய்வு பெற்ற டெக்னீஷியன். "தம்பி, விமானத்தைப் பாக்காதே, கருடனைப் பாரு. அது இறக்கை அடிக்காம சுத்துற இடத்துக்குக் கீழ கொண்டு போ" என்றார். பக்கத்திலேயே நின்று என் விரல்களையும் பார்த்துத் திருத்தினார். இந்தப் பொழுதுபோக்கில் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காதது இது, அதனால் புதியவர்கள் தனியாகப் போகாமல் ஞாயிறு காலையில் நாலு பேர் கூடும் இடமாகப் பார்த்துப் போங்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று எல்லோரும் இருப்பார்கள், கேட்டால் மறைக்காமல் சொல்லித் தருவார்கள்.

குறைகளும் உண்டு. காற்று கொஞ்சம் பலமானாலும் பின்னுக்குத் தள்ளப்படும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் டிசம்பர், ஜனவரி பிற்பகல்கள் பெரும்பாலும் இதற்கு ஒத்துவராது. உருவம் சிறியது, தூரம் போனால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. பெட்டியில் கையில் வைத்து இயக்கும் டிரான்ஸ்மிட்டர் வராது, இதற்குப் பொருந்தும் ஸ்பெக்ட்ரம் டிரான்ஸ்மிட்டர் உங்களிடம் இல்லையென்றால் செலவு கணிசமாகக் கூடும். குட்டிக்கரணம் போட ஆசைப்படுபவர்களுக்கு இது வேண்டாம்.

பேட்டரி 150 எம்ஏஎச் ஒற்றை செல், சின்னது. மோட்டாரை இடையிடையே மட்டும் ஓட்டினால் ஒரு பேட்டரி நெடுநேரம் தாங்கும், ஆனாலும் விமானம் வாங்கும்போதே மூன்று நான்கு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியை எறிந்துவிடாதீர்கள், எம்ஆர்டி ரயிலில் விமானத்தைக் கொண்டு போக அதுவே நல்ல பை.