பிரித்துப் பார்க்கும் கண் மாதிரி: வாங்கலாம், ஆனால் விழித்திரையில் ஒரு குறை

பென்னாகரத்தில் விலங்கியல் கற்பிக்கும் எனக்கு, தருமபுரியில் வாங்கிய இந்தப் பிளாஸ்டிக் கண் மாதிரி மிகவும் பிடித்திருக்கிறது. கார்னியா, லென்ஸ் எல்லாம் தனித்தனியே கழன்று வருகின்றன. பின்சுவரில் பார்வை நரம்பு வெளியேறும் இடம் மஞ்சள் வட்டமாகத் தெளிவாகத் தெரிகிறது. ஒளியுணரும் செல்கள் இல்லாததால் எதுவும் தெரியாத குருட்டுப் புள்ளி அதுதான்.

குறையும் அங்கேதான். நம் கண்ணில் நரம்பிழைகள் ஒளியுணரும் செல்களுக்கு முன்னால் ஓடி, ஒன்றுதிரண்டு, விழித்திரையைத் துளைத்துக்கொண்டு மூளைக்குப் போகின்றன. மாதிரியில் அந்த இழைகளே இல்லை. மாணவர்கள் கேள்வி கேட்க வேண்டிய இடமே அதுதானே! ஆக்டோபஸ் கண்ணில் இழைகள் பின்புறமிருந்தே கிளம்புவதால் குருட்டுப் புள்ளி கிடையாது. பிழைக்க உதவும் மாற்றங்களைத் தலைமுறைதோறும் தக்கவைக்கும் இயற்கைத் தேர்வால் நம் கண்ணைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க முடியாது. குடியிருந்துகொண்டே வீட்டை மாற்றிக் கட்டுகிற வேலை அது. இடைப்பட்ட ஒவ்வொரு தலைமுறையும் பார்வையோடு பிழைத்தாக வேண்டும். பிழைக்கப் போதுமானது நிலைத்துவிடுகிறது. இரண்டு கண்களும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுகின்றன.

சிவப்பு நூலை விழித்திரைமேல் ஒட்டி நானே இழைகளைக் காட்டுகிறேன். கூடவே, தாளில் ஒரு பெருக்கல் குறி, அதற்கு வலப்புறம் 7 சென்டிமீட்டரில் ஒரு புள்ளி. இடக்கண்ணை மூடி, குறியையே பார்த்தபடி தாளை மெல்ல அருகே கொண்டுவந்தால் புள்ளி மறைகிறது. பிள்ளைகள் வியந்து கூவுகிறார்கள்.

லென்ஸைப் பிடிக்கும் காந்தம் மட்டும் தளர்வு. வாங்கும்போதே சரிபார்த்துவிடுங்கள்.