பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை

புதுச்சேரியில் பழைய டிரான்சிஸ்டரைப் பழுது பார்க்க இன்னும் ஆள் இருக்கிறாரா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறார். பெரிய மார்க்கெட்டிலிருந்து ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் வெளியே வந்து விசாரித்தால் சொல்வார்கள். போர்டு கிடையாது.

நான் கொண்டுபோனது அப்பாவின் மூன்று பேண்ட் ரேடியோ. உப்புக்காற்றில் பேண்ட் ஸ்விட்ச் பச்சை பூத்து, டயல் நூல் அறுந்து, போட்டால் வெறும் இரைச்சல். முன்பு காட்டிய ஓர் இடத்தில், "உள்ள இருக்கறத கழட்டிட்டு புளூடூத் போர்டு வெச்சுத் தரேம்மா, பாட்டு சூப்பரா கேக்கும்" என்றார்கள். எனக்கு அந்த ஸ்பீக்கர்தான் வேண்டும். 1984 அக்டோபர் 31-ஆம் தேதி இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி எங்கள் வீட்டுக்குள் வந்தது அதன் வழியாகத்தான்.

இந்தக் கடைக்காரர் முதலில் கேட்டதே, "இதை ஏம்மா விடமாட்டேங்கறீங்க?" என்றுதான். சொன்னேன்.

அப்போது ஆறாம் வகுப்பு. முத்தியால்பேட்டையில் வீடு, அப்பாவுக்கு ஏ.எஃப்.டி. மில்லில் வேலை. அந்த மாதம் முழுக்க எங்கள் தெருவில் ரேடியோ ஓயவே இல்லை. எம்.ஜி.ஆர். அப்பல்லோவில் படுத்திருந்தார், அவரைப் பார்க்க இந்திரா சென்னைக்கு வந்து போயிருந்தார். புதன்கிழமை, பள்ளியைப் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் திண்ணை நிறைய ஆள். இந்திராவைச் சுட்டுவிட்டார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பதற்கு மேல் ஆகாசவாணி சொல்லவில்லை. எதிர்வீட்டு சார் ஷார்ட் வேவில் பிபிசியைப் பிடித்தார். குரல் வருவதும் போவதுமாக இருந்தது, அப்பா குமிழை விரலால் அழுத்திக்கொண்டே நின்றார். இறந்துவிட்டார் என்று வெளிநாட்டு நிலையங்கள் முதலில் சொல்லி, ஆகாசவாணி அதைச் சொல்லும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. காவலுக்கு நின்றவர்களே சுட்டார்கள் என்பதைத்தான் பாட்டியால் தாங்க முடியவில்லை. "வீட்டு வாசல்லயே வெச்சு, ஒரு பொம்பளைய" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தீபாவளி அதிரசம் டின்னில் மிச்சம் இருந்தது. எங்களுக்குப் பசித்தும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் நவம்பர் 1, புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு வந்து சரியாக 30 வருஷம். அதை யார் நினைத்தார்கள்!

கடைக்காரர் அன்று கடலூர் முதுநகரில் ஒரு ரேடியோ கடையில் எடுபிடி. ரிப்பேருக்கு வந்து சரியாகியிருந்த செட் எல்லாவற்றையும் முதலாளி ஒரே ஸ்டேஷனில் திருப்பி வாசலில் அடுக்கினாராம், தெருவில் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று. வேலையை நிறுத்திவிட்டு இதைச் சொன்னார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

சரி, வேலைக்கு வருகிறேன். வால்யூம் கண்ட்ரோலைச் சுத்தம் செய்து கரகரப்பை எடுத்திருக்கிறார். டயலுக்குப் புது நூல். காய்ந்துபோன கண்டென்சர்களை மட்டும் மாற்றினார். ஸ்பீக்கர் காகிதத்தில் இருந்த கிழிசலைப் பசை வைத்து ஒட்டிவிட்டு, "மாத்தினா குரல் மாறிடும்மா" என்றார். கழற்றிய பாகங்களைப் பொட்டலமாகக் கையில் கொடுத்தார். 650 ரூபாய். மீடியம் வேவில் சென்னை நிலையம் ராத்திரியில் தெளிவாக வருகிறது. ஷார்ட் வேவில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டார். பிபிசி தமிழோசை ஒலிபரப்பே 2017 ஏப்ரலோடு நின்றுபோயிற்றே.

குறை உண்டு. ரசீது தரமாட்டார். ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொண்டார், நாமாகப் போய்க் கேட்டால்தான் நிலவரம் தெரியும். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது. ஞாயிற்றுக்கிழமை போகவே வேண்டாம், காந்தி வீதி சண்டே மார்க்கெட் கூட்டத்தில் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. டேப் ரிக்கார்டரும் பார்க்கிறார். டிரான்சிஸ்டருக்கு முந்தைய வால்வு செட் வைத்திருப்பவர்கள் முதலில் போட்டோவைக் காட்டுங்கள். அதற்கான வால்வு கையிருப்பில் இருந்தால்தான் வாங்கிக்கொள்கிறார்.